பிறந்தபோது ரத்தம் நல்லாத்தானே இருந்தது, டாக்டர்?

வெளிறிப்போன ஆறேழு மாதக் குழந்தையைத் தூக்கி வருகிறவர்கள், பிறந்த அன்று எடுத்த ரிப்போர்ட்டையும் கூடவே நீட்டுகிறார்கள். ஹீமோகுளோபின் 17. ரிப்போர்ட்டில் தவறில்லை. ஆனால் பீட்டா தலசீமியா (ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி போதிய அளவு உருவாகாத பரம்பரை ரத்தசோகை) இல்லை என்று அது எங்கும் சொல்லவில்லை. ஏன் என்று புரிய, கருவில் ரத்தம் உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

கருவில் சிவப்பணு மூன்றாம் வாரமே கருவுணவுப் பையில் உருவாகத் தொடங்கும். அந்த முதல் தலைமுறை பெரியது. உட்கருவோடேயே ரத்த ஓட்டத்தில் இறங்கி, ஓடியபடியே முதிரும். ஆறாம் வாரவாக்கில் கல்லீரல் இந்த வேலைக்கு வருகிறது. அங்கே இளம் அணுக்கள் ஒரு விழுங்கணுவைச் சுற்றி மொய்த்து வளர்ந்து, கடைசியில் உட்கருவை வெளியே தள்ளும். விழுங்கணு அதைத் தின்றுவிடும். எலும்பு மஜ்ஜை முக்கிய இடமாவது கடைசி மூன்று மாதங்களில்தான்.

கல்லீரல் காலத்து அணுக்களில் பெரும்பாலும் இருப்பது ஹீமோகுளோபின் எஃப்: இரண்டு ஆல்பா, இரண்டு காமா புரதச் சங்கிலி. பீட்டா அதில் கிடையவே கிடையாது. பீட்டா ஜீன் இரண்டும் பழுதாக இருந்தாலும் கருவுக்கு ஒரு குறையும் தெரியாது. பிறக்கும்போதும் 60 முதல் 80 சதவீதம் இதே எஃப்தான். பிறந்தபின் காமா குறையக் குறைய, அந்த இடத்துக்குப் பீட்டா வரவேண்டும். வரவில்லை என்பது வெளியே தெரிய மாதங்கள் ஆகும். கோளாறு கருத்தரித்த அன்றே இருந்தது. தாய்ப்பால் போதாமல் வரவில்லை, தடுப்பூசியால் வரவில்லை, யார் கண்ணும் படவில்லை. தயவுசெய்து அந்தத் தாயை விட்டுவிடுங்கள்.

ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்க்காமல் இரும்புச்சத்து டானிக்கை மாதக்கணக்கில் ஊற்றாதீர்கள். தலசீமியாவில் இரும்பு ஏற்கெனவே உடம்பில் சேரும். ரத்தம் ஏற்றும் முன்பே ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. சோதனைக்கு மாதிரி எடுத்துவிடுங்கள். ஏற்றியபின் எடுத்தால் கொடையாளரின் ஹீமோகுளோபினும் கலந்து வரும். பிறகு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

பெற்றோரின் ரத்த ரிப்போர்ட்டில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 80க்கும் எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினின் சராசரி எடை) 27க்கும் கீழே இருந்தால், ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் கேரியர், அதாவது பீட்டா ஜீன் இரண்டில் ஒன்று மட்டும் பழுதானவர். இரும்புக் குறைபாடு இந்த எண்ணைக் கீழே இழுக்கும் என்பதால், விளிம்பில் நிற்கும் முடிவை இரும்பைச் சரிசெய்தபின் திரும்பப் பாருங்கள்.

இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு இந்த நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது" என்ற கணக்கு இங்கே செல்லாது. நச்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனை 11 முதல் 14 வாரத்துக்குள் நடக்க வேண்டும். அதற்கு முன் தம்பதியின் ஜீன் பிழை எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். அந்த ரிப்போர்ட் வரவும் நாளாகும். ஆகவே கருத்தரிக்கும் முன்பே வாருங்கள், இருவருமாக.