சிக்கிள் செல் அட்டை: கோட்டைப் படிக்கும் முன்

சிக்கிள் செல், அதாவது சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை ரத்த நோயைக் கண்டறியும் முகாம்களுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும், புதிதாக லேப் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடிக் குடியிருப்புகளான பாடிகள்தோறும் போய் விரல் நுனியில் ரத்தம் எடுக்கிறோம். ஆனால் அந்த ரத்தத்தைச் சோதிக்கும், கையில் இருக்கும் அட்டை எப்படி வேலை செய்கிறது என்று யாரும் நமக்கு நிதானமாகச் சொல்லித் தருவதில்லை. கோடு வந்ததா, வரவில்லையா என்பதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. அது போதாது.

இந்த நோய்க்கும் நம் மலைக்கும் பழைய தொடர்பு உண்டு. இந்தியாவில் சிக்கிள் செல் முதலில் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று. லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தில் அதைக் கண்டு 1952-ல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்துவிட்டால் அது ஹீமோகுளோபின் எஸ். ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் எஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசைகட்டி, 14 இழைகள் கொண்ட நாராகத் திரள்கின்றன. அந்த நார்தான் சிவப்பணுவை அரிவாளாக வளைக்கிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு பத்து, இருபது நாளில் அழிகிறது. குளிரும், உடலில் நீர் வற்றுவதும், காய்ச்சலும் வலியைக் கிளப்பும். இந்த மலையில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி அட்டைக்கு வருவோம். உள்ளே வெள்ளையாகத் தெரியும் பட்டை நைட்ரோசெல்லுலோஸ். பெரும்பாலான கிட்களில் கோடு வர வேண்டிய இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஆன்டிபாடிகளை ஒட்டவைத்திருப்பார்கள். ஆன்டிபாடி ஒய் வடிவப் புரதம். அதன் இரண்டு கைகளின் நுனிதான் தேடும் மூலக்கூறைப் பிடிக்கும். நாற்றை வேர் கீழே இருக்க நட வேண்டும், தலைகீழாக நட்டால் பயிர் வராது. இங்கேயும் கால் பட்டையில் ஒட்டி, கைகள் மேலே நீட்டியிருக்க வேண்டும். ஆனால் புரதத்தைச் சும்மா ஒட்டவிட்டால் அது தாறுமாறாகத்தான் ஒட்டும். ஒரு பங்கு வேலைக்கு உதவாது. அதைச் சரிசெய்ய புரோட்டீன் ஏ என்ற பாக்டீரியப் புரதத்தை அடியில் பூசி, ஆன்டிபாடியின் காலை அது பிடித்துக்கொள்ளச் செய்யும் முறையும் இருக்கிறது. நாம் பார்க்கும் சிவப்பு நிறம் நானோ அளவுத் தங்கத் துகள்களுடையது. அவை வந்து சேர்ந்த இடம்தான் கோடு.

ஒரு முகாமில் தன்னார்வலர் ஒருவர் அட்டையைக் காட்டி, "எஸ் கிட்ட கோடு வரல சிஸ்டர், பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடவா?" என்றார். பக்கத்தில் குழந்தையின் அம்மா நிம்மதியாகச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். அந்த கிட்டில் கோடு வராவிட்டால்தான் எஸ் இருக்கிறது என்று அர்த்தம். அந்த வகையில் பட்டையிலேயே ஹீமோகுளோபின் எஸ் ஒட்டியிருக்கும், தங்கம் ஏற்றிய ஆன்டிபாடி நீரோடு ஓடிவரும். ரத்தத்தில் எஸ் இருந்தால் ஆன்டிபாடி வழியிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும். பட்டையில் ஒட்டாது, கோடும் விழாது. இன்னொரு வகையில் நேர்மாறு: எஸ் இருந்தால்தான் கோடு. இரண்டு வகையும் புழக்கத்தில் இருக்கின்றன. போன மாதம் வந்த கிட்தானே என்று நினைக்காமல், பெட்டி மாறும்போதெல்லாம் உள்ளே இருக்கும் தாளைப் படியுங்கள். கோடு மறையும் வகையில் ரத்தம் குறைவாக விட்டாலும் ஆபத்துதான். ஆன்டிபாடியைப் பிடிக்கப் போதிய எஸ் இருக்காது, கோடு விழும், நோய் உள்ளவருக்கு "இல்லை" என்று எழுதிவிடுவோம்.

நம் ஊர்க் குளிரில் ரத்தம் குறைவது சகஜம். காலையில் வரும் பெரியவர்களின் விரல் ஐஸ் போல இருக்கும். லான்செட் குத்தினாலும் துளி வராது, உடனே பிதுக்கத் தோன்றும். பிதுக்கினால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை விரலில் சுற்றி, கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகு குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

ஈரம் இன்னொரு எதிரி. தென்மேற்குப் பருவத்தில் தேவாலா பக்கம் உப்புகூடக் கசியும். உறையை முன்கூட்டியே கிழித்து அட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டால், உலர்ந்திருக்க வேண்டிய தங்கத் துகள்கள் ஈரம் வாங்கிவிடும். ஆள் வந்து உட்கார்ந்த பிறகு உறையைக் கிழியுங்கள். பெரும்பாலான கிட்களை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஊட்டியில் உறைபனி விழும் இரவில் ஜீப்பிலேயே விட்டுவைக்கக் கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த அட்டையை அறைச் சூட்டுக்கு வரவிட்டுத்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டையில் பனி படியும். ஒரு கிட்டோடு வரும் பஃபர் திரவத்தை இன்னொன்றுக்கு விடவே கூடாது.

கண்ட்ரோல் கோடு வந்துவிட்டால் எல்லாம் சரி என்று பலர் நம்புகிறார்கள். நீர் கடைசிவரை ஓடியது, தங்கம் நகர்ந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. போதுமான ரத்தம் விட்டோமா என்பதை அது சொல்லாது. தாளில் சொன்ன நிமிடத்தில் படித்துவிட்டு அட்டையைத் தூக்கிப் போடுங்கள். மாலையில் எடுத்துப் பார்த்தால், காய்ந்த பட்டையில் மங்கலாக ஏதாவது தெரியும். அதை நம்பி ரிப்போர்ட்டைத் திருத்தக் கூடாது.

குத்துவதற்கு முன் ஒரு கேள்வி கட்டாயம்: சமீபத்தில் ரத்தம் ஏற்றினார்களா? ஏற்றியிருந்தால் கொடுத்தவரின் ஹீமோகுளோபின் ஏ, அதாவது சாதாரண ஹீமோகுளோபின், மூன்று, நான்கு மாதம் வரை தெரியும். நோயாளியைக் கேரியர் (நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்) என்று எழுதிவிடுவோம். ரத்தம் ஏற்றாதவரிடம் ஏ, எஸ் இரண்டும் இருந்தால் பெரும்பாலும் கேரியர்தான், நோயாளி இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கேரியர் இருவர் திருமணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பெண் பார்க்கும்போது இதைச் சொல்லி யாரையும் ஒதுக்கிவிடாதபடி, தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள்.

அட்டையில் எஸ் இருப்பதாகத் தெரிந்த எல்லோருக்கும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. சோதனை எடுத்து உறுதி செய்ய வேண்டும். அந்த ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை வீட்டில் ரேஷன் கார்டோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். நடுராத்திரியில் கைகால் வலி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, டியூட்டி டாக்டரிடம் முதலில் நீட்ட வேண்டிய காகிதம் அதுதான்.