மூச்சு சீக்கிரம் பழகிவிடும், எலும்பு பழகாது

மெரினா உட்சாலையில் விடியற்காலையில் புதிதாக ஓட வருகிறவர்களை எளிதில் அடையாளம் காணலாம். காந்தி சிலையருகே அம்பு மாதிரி கிளம்புவார்கள். இரண்டு நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நின்று, "தம் பத்தலப்பா" என்பார்கள். பழி நுரையீரலுக்குப் போகும்.

நுரையீரல் பாவம், அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. ஆரோக்கியமான ஒருவர் இரைக்க இரைக்க ஓடினாலும் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பெரிதாக இறங்குவதில்லை. கோவிட் சமயத்தில் வாங்கிப் போட்ட ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் ஓடி நின்றதும் விரலில் மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 95-க்கு மேலேயே காட்டும்.

அப்படியானால் ஏன் இரைக்கிறது? ஆக்சிஜனை வைத்து ஆற்றல் தயாரிக்கும் ஏற்பாடு தசைக்குள் முழு வேகம் எடுக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை தசை கைவசமுள்ள சேமிப்பைச் செலவழிக்கிறது, சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைக்கிறது. எடுத்த எடுப்பில் பாய்ந்தால் இந்தக் கடன் பெரிதாகி, ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும். அதைச் சமன்செய்யும்போது கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு உருவாகிறது. மூளை இதைக் கவனித்து, "வெளியே தள்ளு" என்று மூச்சை முடுக்குகிறது. இரைப்பில் பெரும்பங்கு காற்றை உள்ளே இழுக்கும் தவிப்பு அல்ல, வெளியேற்றும் அவசரம்தான். சர்க்கரையை இப்படி உடைக்கும்போது உண்டாகும் லாக்டேட்டை இந்தக் கதையில் வில்லனாக்குவது பழைய வழக்கம். உண்மையில் அதை இதயமும் மற்ற தசைகளும் எரிபொருளாக எரித்துவிடுகின்றன. ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி காலியாகிவிடும். மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது வரும் தொடைவலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

புதியவருக்கு உண்மையிலேயே குறைவாக இருப்பவை இரண்டு: ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் திறன், அதைப் பயன்படுத்தும் திறன். பிரிட்டிஷ் உடலியலாளர் ஏ. வி. ஹில் 1920-களில் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் ஓடி, தன் மூச்சுக்காற்றையே சேகரித்து அளந்தார். வேகம் கூடக் கூட உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனும் கூடுகிறது. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் கூடுவதில்லை. அந்த உச்சவரம்பைப் பெருமளவு தீர்மானிப்பது இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு.

இங்கேதான் நல்ல செய்தி. பயிற்சி தொடங்கி ஓரிரு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் அதிகமாவதால் ஒவ்வொரு துடிப்பிலும் அது அதிகம் தள்ளுகிறது. அதே வேகத்துக்குக் குறைவான துடிப்பு போதும். அடுத்த சில வாரங்களில் தசைநாரைச் சுற்றி நுண்குழாய்கள் பெருகுகின்றன, நாருக்குள் ஆக்சிஜனை வைத்து ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா பெருகுகின்றன. 1967-இல் அமெரிக்காவில் ஜான் ஹாலோஸி எலிகளை டிரெட்மில்லில் வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தார். அவற்றின் தசையில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது.

இந்த மாற்றங்களுக்கு நாக்குத் தள்ள ஓட வேண்டியதில்லை, தொடக்கத்தில் மெதுவாக நீண்ட நேரம் ஓடினாலே போதும். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தன் 800 மீட்டர் வீரரைக்கூட வாரத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர் ஓடவைத்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்கள் பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். நமக்கு 160 வேண்டாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று இருபது நிமிடம், வாரம் மூன்று நாள் போதும். கூட ஓடுகிறவரிடம் நேற்று ராத்திரி வீட்டில் என்ன டிபன் என்று முழு வாக்கியமாகச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. "தோசை... சட்னி..." என்று தந்தியடித்தால் குறையுங்கள்.

இனி வருவதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். ஐந்தாறு வாரத்தில் மூச்சு வசப்பட்டுவிடும். ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் குதிகால் தசைநாணும் எலும்பும் அந்த வேகத்தில் மாறுவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை இறங்குகிறது. அரைமணி ஓட்டத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் அடி. புதிய சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது முதலில் பழையதைக் கரைக்கிறது, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். "இப்பதான் தம் இருக்கே" என்று தூரத்தைத் திடீரென இரட்டிப்பாக்கும் வாரமும் அதுவேதான். கணுக்காலுக்கு மேலே கால் எலும்பின் உட்பக்கம் வலியெடுப்பதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். மணலில் ஓடினால் முழங்காலுக்கு நல்லது என்ற அறிவுரையைப் பெசன்ட் நகர் கடற்கரையில் அடிக்கடி கேட்கலாம். இறுகாத மணலில் ஓட ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது, குதிகால் புதைவதால் தசைநாணும் கூடுதலாக இழுபடுகிறது. முதல் மாதத்தில் அது வேண்டாம் என்பேன்.

சென்னைக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. ஓடும்போது எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போகும். ஆனால் ஆவியாக வேண்டும். மூக்கு நுனியிலிருந்து தரையில் சொட்டும் வியர்வையால் பயன் இல்லை. விடியற்காலையில் வெயில் இல்லாவிட்டாலும் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தைத் தாண்டும். உடல் குளிர ரத்தம் தோலுக்குத் திருப்பிவிடப்படுகிறது, தசைக்கும் தோலுக்குமாக இதயம் இரட்டை வேலை பார்க்கிறது. ஆகவே ஜனவரியின் 21 டிகிரியில் ஓடிய வேகத்தை மே மாதத்தின் 28 டிகிரி விடியலில் எதிர்பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நொந்துகொள்வதில் அர்த்தமில்லை. வெக்கைக்கு உடல் பழகப் பத்துப் பதினான்கு நாள் பிடிக்கும். வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பும் குறையும். தலைசுற்றலோ நெஞ்சில் இறுக்கமோ வந்தால் உடனே நின்றுவிட வேண்டும். நெஞ்சில் இறுக்கமென்றால் தாமதிக்காமல் மருத்துவமனை.

வடகிழக்குப் பருவமழை வந்தால் இரண்டு வாரம் ஓட்டம் நின்றுபோவது இங்கே சகஜம். முதலில் வந்த பிளாஸ்மாவே முதலில் போகும், சில நாளிலேயே குறையத் தொடங்கிவிடும். மழை விட்டதும் மறுபடி இரைப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம். அது திரும்பி வருவதும் அதே வேகத்தில்தான்.