துருவுக்குள் தொலையும் துளைகள்

மழையில் நனைந்த ஆணியில் படிகிறதே துரு, அதற்கு நெருங்கிய சொந்தம் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. செங்காவி மண்ணுக்கு நிறம் தருவதும் இதுதான். மலிவு, விஷமில்லை, காரக் கரைசலில் கரையாது. வெயிலை வைத்து நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க முயல்பவர்கள் இதை விடாமல் துரத்த இவ்வளவு போதும்.

1972-ல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடை மின்முனையாக்கி, ஒளியால் நீரைப் பிரிக்கலாம் என்று காட்டினார்கள். ஆனால் அதற்குப் புற ஊதா ஒளிதான் வேண்டும். வெயிலில் அது சொற்பம். ஹெமடைட்டோ நீலத்தையும் பச்சையையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

அப்புறம் என்ன தடை? ஒளி பட்டதும் எலக்ட்ரான் ஒன்று துள்ளி எழுகிறது. அது விட்டுப்போன காலியிடத்துக்குப் பெயர் துளை. எலக்ட்ரான் பின்பக்கமாகக் கம்பிக்குப் போக வேண்டும், துளை நீரைத் தொடும் பரப்புக்கு வர வேண்டும். வழியிலேயே இரண்டும் சேர்ந்துகொண்டால் மிச்சம் வெறும் சூடுதான். ஹெமடைட்டில் துளை தானாக நகரக்கூடிய தூரம் 2 முதல் 4 நானோமீட்டர். ஒளியை நன்றாக உறிஞ்சவோ சில நூறு நானோமீட்டர் தடிமன் வேண்டும். ஆழத்தில் பிறந்த துளை பெரும்பாலும் கரை சேராது.

கரை சேர்ந்தாலும் நிம்மதி இல்லை. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு துளைகள் தேவை. நீரின் வினை மந்தம்; காத்திருக்கும் துளையை எலக்ட்ரான் திரும்பி வந்து பிடித்துவிடும்.

சரி, இழப்பு உள்ளேயா, பரப்பிலா? இதைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடைக் கரைசலில் கலக்கிறார்கள். நீரைப் போல அது தயங்காது. பரப்புக்கு வரும் துளையை வந்தவுடனே வாங்கிக்கொள்ளும். அப்போது கிடைக்கும் மின்னோட்டம், உயிரோடு வந்து சேர்ந்த துளைகளின் தலைக்கணக்கு. அதை உறிஞ்சிய ஒளியோடு ஒப்பிட்டால் உள்ளே தொலைந்தது தெரியும். வெறும் கரைசலில் ஓடிய மின்னோட்டத்தோடு ஒப்பிட்டால் பரப்பில் தொலைந்தது தெரியும்.

விளக்கைச் சட்டென்று போட்டாலும் ஒரு தடயம் சிக்கும். மின்னோட்டம் ஊசிபோல எகிறி உடனே சரிந்தால், துளைகள் பரப்பில் தேங்கி எலக்ட்ரானிடம் மாட்டுகின்றன என்று அர்த்தம். கோபால்ட் பாஸ்பேட் மாதிரி ஒரு மேற்பூச்சு அந்த இழப்பைக் குறைக்க உதவும். பெராக்சைடு கலந்தும் மின்னோட்டம் ஏறவே இல்லையென்றால் பூச்சால் பயனில்லை. ஹெமடைட்டையே நானோ குச்சிகளாக வளர்த்து, துளை நடக்க வேண்டிய தூரத்தைக் குறைக்க வேண்டியதுதான்.