எழுதாத கைக்குப் பல்லாங்குழி

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவனை அவனுடைய அம்மாவும் அப்பத்தாவும் என்னிடம் அழைத்து வந்தார்கள். “இவன் எழுதவே மாட்டேன் என்கிறான் மேடம். தினமும் நான்கு பக்கம் உட்கார வைத்து எழுத வைக்கிறேன். கை வலிக்கிறது என்று அழுகிறான். பள்ளிக்கூடத்தில் சோம்பேறி என்றே சொல்லிவிட்டார்கள்” என்ற அம்மா, பையிலிருந்து மூன்று நான்கு கோடு நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்கான திறனைப் பயிற்சியால் வளர்ப்பவராக, மதுரையில் வேலை செய்கிறேன். நோட்டைக் கையில் எடுத்தால் முதலில் தாளின் பின்பக்கத்தைத்தான் தடவிப் பார்ப்பேன். இவனுடைய நோட்டில் ஒவ்வோர் எழுத்தும் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. சில இடங்களில் தாள் கிழிந்திருந்தது. எழுதச் சொன்னேன். நெஞ்சை மேசைமேல் சாய்த்துக்கொண்டான். இடது கை மடியில் கிடந்தது, நோட்டைப் பிடிக்க வரவில்லை. ஐந்து விரல்களாலும் பென்சிலை இறுக்கிக்கொண்டு, விரலை அசைக்காமல் தோளிலிருந்து முழுக் கையையும் நகர்த்தி ‘அ’ போட்டான். மூன்றாவது எழுத்துக்குள் கையை உதறத் தொடங்கிவிட்டான்.

நோட்டை மூடிவிட்டு அலமாரியிலிருந்து பல்லாங்குழியை எடுத்தேன். ஒரு வரிசைக்கு ஏழு என்று 14 குழிகள், குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகச் சொன்னேன். அள்ளினான். முதல் குழியில் ஒன்று விழுந்தது, இரண்டாவதில் மற்ற நான்கும் மொத்தமாக விழுந்தன. மறுபடி அள்ளியபோது, வலது உள்ளங்கையில் இருந்ததை இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டான்.

அம்மாவுக்கு நான் காட்ட நினைத்தது இதைத்தான். உள்ளங்கையில் ஐந்து கொட்டைகளைப் பொத்தி வைத்துக்கொண்டு, அதில் ஒன்றை மட்டும் கட்டைவிரலால் விரல்நுனிக்குத் தள்ளி விட வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பொத்தியே இருக்க, மற்ற மூன்று விரல்கள் வேலை செய்ய வேண்டும். பென்சில் பிடிக்கவும் இதே ஏற்பாடுதான் தேவை. இரண்டு விரல்கள் கையை நிலைநிறுத்தும், மூன்று விரல்கள் எழுதும். இந்தப் பிரிவினை இன்னும் வராத கையை நான்கு பக்கம் எழுத வைத்தால், அது இறுக்கிப் பிடிக்கத்தான் செய்யும். இறுக்கினால் வலிக்கும், வலித்தால் அழுவான். இதில் சோம்பல் எங்கே வந்தது?

பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அங்கே எலும்பே தெரியாது. எட்டு எலும்புகளும் அப்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக எலும்பாகி, கடைசி எலும்பு தலைகாட்டுவதற்குள் குழந்தைக்கு எட்டு வயதாவது தாண்டிவிடும். பார்த்து வரைவதற்கும் ஒரு வரிசை உண்டு. பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதில் வட்டத்தையும், நான்கு வயதில் கூட்டல் குறியையும், நான்கரை ஐந்து வயதில் சதுரத்தையும், அதையொட்டி முக்கோணத்தையும் பார்த்து வரைகிறார்கள். நம் ‘அ’வில் சுழியும் வளைவும் கிடைக்கோடும் மேலிருந்து இறங்கும் கோடும் ஒன்றாக வருகின்றன. கூட்டல் குறியே போட வராத எல்கேஜி குழந்தைக்கு அதைக் கட்டாயப்படுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

அன்று அப்பத்தா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பலகையைப் பார்த்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு பேரனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “நாலு சேர்ந்தால் பசு. அதை விட்டுவிடாதே, எடுத்து வைத்துக்கொள்” என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு அரை மணி நேரம் எனக்கு அங்கே வேலையில்லை. தன் பக்கக் குழியில் நான்கு சேர்கிறதா என்று பார்ப்பதற்காகவே அவன் ஒவ்வொரு குழியையும் எண்ணிக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்திருந்தது. பலகை நகராமல் இருக்க இடது கை தானாக அதைப் பிடித்துக்கொண்டது. மேசையில் எத்தனை முறை சொல்லியும் வராத கை அது.

கையின் பலம் கையில் மட்டும் இருப்பதில்லை. உடம்பு நிமிர்ந்து நின்றால்தான் தோள் நிலைக்கும், தோள் நிலைத்தால்தான் விரல் நுணுக்கமாக அசையும். இதற்கு நான் பரிந்துரைக்கும் மருந்து பாண்டி. சில ஊர்களில் சில்லு என்றும் நொண்டி என்றும் சொல்வார்கள். சில்லைக் குறிபார்த்து எறிய வேண்டும், கோட்டை மிதிக்காமல் ஒற்றைக் காலில் தாவ வேண்டும், அந்தக் காலிலேயே நின்றுகொண்டு குனிந்து சில்லை எடுக்க வேண்டும். என் சிகிச்சை அறையில் பந்தும் பலகையும் ஊஞ்சலும் வைத்து நான் தனித்தனியாகச் செய்ய வைப்பதையெல்லாம் ஒரு சாக்பீஸ் துண்டும் ஓட்டுச் சில்லும் ஒன்றாகச் செய்துவிடுகின்றன. அந்த சாக்பீஸ் உடைந்த சிறு துண்டாக இருப்பது இன்னும் நல்லது. முழு சாக்பீஸை முஷ்டியால் பிடிக்கலாம், துண்டை விரல்நுனியால்தான் பிடிக்க முடியும்.

எண்ணறிவிலும் இப்படித்தான். 2008இல் அமெரிக்காவில் கீதா ராமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. வறுமையான குடும்பங்களின் நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு 1 முதல் 10 வரை வரிசையாகக் கட்டங்கள் போட்ட ஒரு எளிய அட்டை விளையாட்டைக் கொடுத்தார்கள். மொத்தமே ஒரு மணி நேர அளவுக்கு விளையாடியதில் எண்களை ஒப்பிடுவதிலும் ஒரு கோட்டில் அவற்றின் இடத்தைக் குறிப்பதிலும் அவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்தது. கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நிறம் இருந்த அட்டையில் விளையாடிய குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழந்தைகள் காயை நகர்த்தும்போது ‘ஒன்று, இரண்டு’ என்று சொல்லாமல் கட்டத்தில் இருக்கும் எண்ணையே சொல்லி நகர்த்தினார்கள். வீட்டில் பரமபதம் ஆடும்போது இதைச் செய்துபாருங்கள். காய் 17இல் இருக்கிறது, மூன்று விழுந்தது என்றால் “18, 19, 20” என்று சொல்லிக்கொண்டே வைக்கட்டும். தாயக்கட்டையை உருட்டி ‘இரண்டும் மூன்றும் ஐந்து’ என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் பிள்ளைக்குக் கூட்டல் வாய்ப்பாட்டை நாம் தனியாகத் திணிக்க வேண்டியதில்லை.

அடக்கிக்கொள்ளும் திறனும் விளையாட்டில்தான் பழுக்கிறது. கல்லா மண்ணா ஆடும் குழந்தைக்கு ஓட வேண்டும் என்று கால் துடிக்கும், ஆனால் தப்பான இடத்தில் கால் வைத்துவிடக் கூடாது. வகுப்பில் 40 நிமிடம் உட்காரத் தேவையானது இந்தத் திறன்தான். சொப்பு வைத்துச் சமைக்கும் குழந்தையையும் கவனித்துப் பாருங்கள். காலியான சொப்பில் சோறு இருப்பதாக நினைப்பதற்கும், ‘ம’ என்ற கோட்டில் ஓர் ஒலி இருப்பதாக நினைப்பதற்கும் உறவு இருக்கிறது. இரண்டிலும் ஒன்று மற்றொன்றுக்காக நிற்கிறது. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930களிலேயே இதைப் பேசினார். குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தை, பொருளிலிருந்து அர்த்தத்தைப் பிரித்தெடுக்கப் பழகுகிறது என்பது அவர் கருத்து.

பெற்றோர் இதையெல்லாம் கேட்டதும் ஒரு தவறு செய்கிறார்கள். விளையாட்டைப் பாடமாக்கிவிடுகிறார்கள். குழந்தை கொட்டையை அள்ளும்போதே “எத்தனை இருக்கிறது சொல்லு, இங்கிலீஷில் சொல்லு” என்று தொடங்குகிறார்கள். இரண்டு நாளில் அது பலகையைக் கண்டாலே எழுந்து ஓடுகிறது. நீங்கள் நிஜமாகவே ஆடுங்கள். சில சமயம் ஜெயியுங்கள். தோற்றால் குழந்தை அழட்டும், மறுநாளும் ஆட வரும்.

பள்ளிகளிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடக்க வகுப்புகளுக்குள் பாடலையும் செயல்பாட்டையும் கொண்டுவந்தது. இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையை விளையாட்டுப் பீரியடில் உட்கார வைத்து எழுதச் சொல்கிறார்கள். ஓடினால்தான் எழுத்து வரும் என்ற பிள்ளைகளே பெரும்பாலும் அப்படி உட்கார வைக்கப்படுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. பல்லாங்குழிக்குக் குன்றிமணி வேண்டவே வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் மென்று விழுங்கினால் உயிரையே பறிக்கக்கூடிய நஞ்சு அதில் இருக்கிறது. புளியங்கொட்டையோ சோழியோ போதும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் அதுவும் தொண்டையில் அடைக்கும். ஆடி முடித்ததும் எண்ணி எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

அந்தச் சிறுவன் இரண்டு மாதம் வந்தான். முதல் மூன்று வாரம் வீட்டில் எழுத்து வேலையை அடியோடு நிறுத்தச் சொன்னேன். அம்மா தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். சாயங்காலம் பாண்டி, இரவு அப்பத்தாவுடன் பல்லாங்குழி, சமையலறையில் சப்பாத்தி மாவு உருட்டுவது, சுவரில் மாட்டிய கரும்பலகையில் நின்றபடி கிறுக்குவது. நிற்கும்போது மணிக்கட்டு தானாகப் பின்னால் வளைந்து எழுதும் நிலைக்கு வரும். ஐந்தாவது வாரம் அம்மா போனில் ஒரு படம் அனுப்பினார். கரும்பலகையில் இரண்டு பத்தி. ஒன்றில் ‘அப்பத்தா’, மற்றதில் ‘நான்’, அவற்றின் கீழே யார் எத்தனை பசு பிடித்தார்கள் என்ற கணக்கு. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லையாம். இன்றும் அவன் வகுப்பில் மெதுவாகத்தான் எழுதுகிறான். ஆனால் கை வலிக்கிறது என்று சொல்வதில்லை, தாளும் கிழிவதில்லை.

எல்லாவற்றையும் விளையாட்டே சரிசெய்துவிடும் என்று நினைத்துக் காலம் தாழ்த்தவும் கூடாது. ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாதது, மூன்று வயதிலும் பொம்மைக்குச் சோறு ஊட்டுவது போன்ற பாவனை விளையாட்டே இல்லாமல் பொருள்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பது, மற்ற பிள்ளைகளைவிட அடிக்கடி விழுவது ஆகியவற்றைக் கண்டால் உடனே காட்டுங்கள். மாவட்டந்தோறும் அரசு நடத்தும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனை இலவசம். போகும்போது நோட்டுகளை எடுத்துச் செல்வதைவிட, குழந்தை வீட்டில் எதை வைத்து, யாருடன், எவ்வளவு நேரம் விளையாடுகிறது என்பதை ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொண்டு போங்கள். என்னைப் போன்றவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.