டயாலிசிஸ் பஃபரைக் கொட்டிவிடாதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது முறை. பொதுக் கருவி ஆய்வகத்தில் ஐ.டி.சி. எனப்படும் மாறா வெப்பநிலை டைட்ரேஷன் கலோரிமானியை இயக்கித் தருவது என் வேலை. புரதக் கரைசலுக்குள் ஒரு மூலக்கூறின் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசியால் செலுத்தும்போது, ஒவ்வொரு முறையும் மாறும் வெப்பத்தை அது ஒரு பீக்காக வரைந்து காட்டும். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தம் வரைபடத்தைக் காட்டி, பீக்குகள் அழகாக வந்திருந்தும் பிணைப்பு எவ்வளவு வலுவானது என்று காட்டும் பிணைப்பு மாறிலியை மென்பொருள் தர மறுக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். இரண்டாவது ஊசியிலிருந்து இருபதாவது ஊசி வரை எல்லா பீக்குகளும் ஒரே உயரத்தில் இருந்தன. மூலக்கூறு உண்மையிலேயே புரதத்தில் பிணைந்திருந்தால், இடங்கள் நிரம்ப நிரம்ப வெப்பம் குறைந்துகொண்டே வந்திருக்க வேண்டும். அவர் அளந்தது, மூலக்கூறைக் கரைக்கப் பயன்படுத்திய டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் நீரில் கரைந்து நீர்த்துப்போகும் வெப்பத்தை மட்டுமே. புரதத்தை எடுத்துவிட்டு வெறும் பஃபரை, அதாவது பி.ஹெச். மாறாமல் காக்கும் கரைசலை, வைத்திருந்தாலும் அதே படம்தான் வந்திருக்கும். வைத்துக் காட்டினேன், வந்தது.

“இரண்டும் ஒரே பஃபர்தானே” என்பது எல்லோரும் சொல்லும் பதில். என்னை மிகவும் சோர்வடையச் செய்யும் பதிலும் அதுவே. ஒரே செய்முறைப்படி இரண்டு நாட்களில் தயாரித்த இரண்டு பாட்டில்கள் ஒரே பஃபர் ஆகிவிடாது. குளிர் அறையில் 4 டிகிரியில் வைத்த டிரிஸ் என்ற பஃபர் கரைசலின் பி.ஹெச்., அறை வெப்பநிலையில் இருந்ததைவிட ஏறக்குறைய 0.6 அலகு கூடியிருக்கும். அங்கே நின்று அமிலம் விட்டுச் சரிசெய்தவர், வெளியே சரிசெய்தவரிடமிருந்து வேறுபட்ட கரைசலைத்தான் தயாரித்திருக்கிறார். உப்பைக் கூடக்குறைய எடைபோட்டிருக்கலாம். புரதத்தை உறைநிலையில் காத்த கிளிசரால் சிறிது தங்கியிருக்கலாம். மூலக்கூறின் பொடி ஹைட்ரோகுளோரைடு உப்பாக இருந்து கரைசலின் பி.ஹெச்.சைக் குறைத்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாடுகள் ஒவ்வொன்றும் வெப்பம் தரும். ஓர் ஊசிக்குச் சில மைக்ரோகலோரிகளை அளக்கும் கருவியில், டி.எம்.எஸ்.ஓ.வின் அளவு இரு கரைசல்களுக்கும் இடையே அரை சதவீதம் வேறுபட்டாலே பிணைப்பின் வெப்பம் அதில் மூழ்கிவிடும். கருவிக்குப் பிணைப்பு என்றால் என்னவென்றே தெரியாது; அதற்குத் தெரிந்தது வெப்பம் ஒன்றே.

ஆகவே புரதத்தை டயாலிசிஸ் செய்து, அதாவது சவ்வுப் பைக்குள் இட்டுப் பஃபரில் ஊறவிட்டு, பைக்கு வெளியே மிஞ்சும் அதே பஃபரில் உங்கள் மூலக்கூறைக் கரையுங்கள். டி.எம்.எஸ்.ஓ. தவிர்க்க முடியாததென்றால், புரதக் கரைசலிலும் அதே அளவு சேர்த்து, இறுதியில் இரண்டின் பி.ஹெச்.சையும் பாருங்கள். புரதம் ஆக்சிஜனேற்றமடையாமல் காக்கச் சேர்க்கும் டி.டி.டி. வேண்டாம், அது தானே ஆக்சிஜனேற்றமடைந்து வரைபடத்தின் அடிக்கோட்டை அலைக்கழிக்கும், அதே வேலையைச் செய்யும் டி.செப். போதும். மூலக்கூறைப் பஃபருக்குள் மட்டும் செலுத்தும் கட்டுப்பாட்டுச் சோதனைக்கு நேரமில்லை என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்.

பீக்கே வராதவர்கள் வேறு வகை. “பிணைப்பு இல்லை” என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என்தால்பி, அதாவது பிணைப்பின் வெப்பம், வெப்பநிலையுடன் மாறுவது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அது பூஜ்யத்தைக் கடந்து செல்லலாம், அங்கே வலுவான பிணைப்பும் தட்டையான கோட்டையே தரும். பத்துப் பதினைந்து டிகிரி தள்ளி மறுபடி ஓட்டிப் பாருங்கள். பிணைப்பின்போது புரோட்டான் இடம் மாறினால் பஃபரின் அயனியாக்க வெப்பமும் சேர்ந்துகொள்ளும். டிரிஸ்சுக்கு அது மோலுக்குச் சுமார் 11 கிலோகலோரி, பாஸ்பேட்டுக்கு ஏறத்தாழ 1 தான். இரண்டு பஃபர்களில் ஓட்டினால் தெரிந்துவிடும்.

செறிவைப் பற்றி ஒரு வார்த்தை. 2002-இல் பல ஆய்வகங்கள் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் புரதத்துக்கும் அதன் தடுப்பானுக்கும் இடையிலான பிணைப்பைத் தனித்தனியே அளந்தபோது, என்தால்பி மதிப்புகளில் ஏறத்தாழ கால் பங்கு அளவுக்குச் சிதறல் இருந்தது. ஊசியிலுள்ள மூலக்கூறின் செறிவில் நேரும் பிழை அப்படியே என்தால்பியில் போய் உட்காரும். புரதத்தின் செறிவைத் தவறாக அளந்திருந்தாலோ அதில் ஒரு பகுதி செயலிழந்திருந்தாலோ, ஒரு புரதத்தில் எத்தனை மூலக்கூறுகள் பிணைகின்றன என்று சொல்லும் பிணைப்பு எண், 1-க்குப் பதில் 0.6 என்பதுபோல வரும். அதை 1 என்று பிடித்துவைத்துப் பொருத்துவது திருத்தம் ஆகாது, மறைத்தல்.

சூடாக்கும்போது புரதம் விரிவதை அளக்கும் இன்னொரு கலோரிமானியான டி.எஸ்.சி.யில் டிரிஸ்சைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்: 20 டிகிரியிலிருந்து 90 வரை சூடாக்கும்போது பி.ஹெச். ஏறக்குறைய 2 அலகு இறங்கிவிடுகிறது. குளிரவைத்து மறுபடி ஒருமுறை ஓட்டுவது கட்டாயம். இரண்டாம் முறை பீக் திரும்பாவிட்டால், புரதம் விரிந்த பின் திரண்டோ சிதைந்தோ போயிருக்கிறது. அப்போது வரும் உருகுநிலை, சூடாக்கும் வேகத்தைப் பொறுத்தே மாறும், அதைக்கொண்டு சமநிலை வெப்ப இயக்கவியல் எழுத முடியாது. திரண்ட புரதத்தைக் கலத்துக்குள் விட்டுச் செல்பவர்கள், அடுத்த நாள் நான் சோப்புக் கரைசலோடு எத்தனை மணி நேரம் போராடுகிறேன் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்த முறை வரும்போது புரதம், மூலக்கூறு ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒரு பாட்டிலும் எடுத்து வாருங்கள்: டயாலிசிஸ் முடிந்து வெளியே மிஞ்சிய பஃபர், குறைந்தது 50 மில்லி. கலத்தைக் கழுவ, ஊசியைக் கழுவ, கட்டுப்பாட்டுச் சோதனைக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும்.