மட்கும் என்று சொல்ல ஏன் இத்தனை தயக்கம்?

மரவள்ளி மாவில் மாதுளைத் தோலின் சாரத்தைச் சேர்த்துச் செய்யும் உணவுறை பற்றிய ஆய்வுச் சுருக்கம் ஒன்றைத் திருத்தித் தரும்படி போன வாரம் ஒருவர் அனுப்பினார். தலைப்பிலேயே ‘உயிர்ச்சிதைவுறு செயலில் உள்ள திரைப்படம்’ என்றிருந்தது. ஆங்கிலத்தில் ‘ஃபிலிம்’ என்றிருந்ததைச் சினிமா என்று கொண்டுவிட்டார்கள். திரைப்படத்தைப் படலம் ஆக்குவது ஒரு நொடி வேலை. காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை படிகிறதே, அதுபோல மெல்லியது. ‘செயலில் உள்ள’ என்பதும் வேண்டாம். இந்த உறை சும்மா மூடிக்கொண்டு நிற்பதில்லை. அதிலுள்ள சாரம் எண்ணெய் சீக்கிரம் காறாமலும் கிருமி பெருகாமலும் காக்கிறது. ‘வினையாற்றும் உறை’ என்றால் புரிந்துவிடும்.

என்னால் தாண்ட முடியாதது ‘உயிர்ச்சிதைவு’தான். எத்தனை கட்டுரைகளில் அடித்துத் திருத்திவிட்டேன், திரும்பத் திரும்ப வருகிறது.

மூலச்சொல் பயோடிகிரேடபிள். பயோஸ் கிரேக்கத்தில் உயிர், கிராடுஸ் லத்தீனில் படி. நுண்ணுயிர்களால் படியிறங்குவது என்று கொள்ளலாம். சலவைத்தூள் நுரை ஆறுகளில் கரையாமல் மிதந்த 1960-களில் பரவிய சொல் அது.

சரி, ‘உயிர்ச்சிதைவு’ என்றால் யாருக்கு என்ன தோன்றும்? உயிர்ச்சேதம்தான். உயிர் சிதைகிறதா, உயிரி சிதைக்கிறதா என்று சொல் காட்டுவதில்லை. ‘உயிரிச்சிதைவு’ என்று ஓர் இகரத்தைச் சேர்த்தாலும் பெரிய குறை அப்படியே நிற்கிறது. சிதைவது என்றால் துண்டாவது, உருக்குலைவது. பாலித்தீனில் உலோக உப்புகளைக் கலந்து, வெயிலிலும் காற்றிலும் நொறுங்கும்படி செய்த பைகள் வந்தனவே, அவையும் சிதையத்தான் செய்தன. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக மண்ணில் தங்கின. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த விதியில் அவற்றைச் சந்தையிலிருந்தே விலக்கியது. விலக்க வேண்டிய பைக்கும் வரவேற்க வேண்டிய படலத்துக்கும் ஒரே சொல் பொருந்துமானால் அந்தச் சொல் எதற்கு?

மட்குதல் அப்படியில்லை. வாழையிலையைக் குழியில் போட்டு மண் தள்ளி, சில மாதம் கழித்துக் கிளறினால் நடுநரம்பின் நார் மட்டும் கையில் வரும். மற்றதெல்லாம் கறுப்பு மண். நுண்ணுயிர் தின்று மண்ணோடு சேர்ப்பது முழுவதும் அந்த ஒரு வினையில் இருக்கிறது. ‘உயிர்’ என்று முன்னொட்டே தேவையில்லை.

மக்கும் என்பது கொச்சை என்பார்கள். வெட்கம் பேச்சில் வெக்கம் ஆவதுபோல மட்கும் மக்கும் ஆனது. எழுத்தில் மட்கும் என்றே எழுதுங்கள். ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்று தெருவெல்லாம் தொட்டியில் எழுதியாகிவிட்டது. தூய்மைப் பணியாளர் நாள்தோறும் சொல்லும் சொல் ஆய்வாளருக்கு மட்டும் ஏன் ஆகாது?

ஒரு மறுப்பு நியாயமானது: குறித்த சூட்டில், குறித்த நாளுக்குள் உரமாவதைக் கம்போஸ்டபிள் என்று தனியே பிரிக்கிறார்களே? அதை ‘உரமாகும்’ என்போம். பிஎல்ஏ என்கிற பாலிலாக்டிக் அமிலப் பிளாஸ்டிக் ஏறக்குறைய 60 பாகை சூடுள்ள ஆலை உரக்குவியலில் உரமாகும். வீட்டுத் தொட்டியில் நெடுநாள் அப்படியே கிடக்கும். அதனால் உறையின் மேல் ‘ஆலை உரக்குவியலில் மட்டும் உரமாகும்’ என்றே அச்சிட வேண்டும்.