செங்கல் சுவர் இருக்கிறது என்று நம்பி அடுப்பை ஒட்டி வைக்காதீர்கள்

ஒக்டோபர் பிறந்தால் எனக்கு அழைப்புகள் கூடிவிடும். ஒன்ராறியோவின் ஹலிபேர்ட்டன், பான்கிராஃப்ட், மஸ்கோகா பக்கம் பழைய கொட்டேஜ் (விடுமுறை வீடு) வாங்கும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். வீட்டில் விறகு அடுப்பு இருந்தால் காப்புறுதி நிறுவனம் 'வெட்' (WETT) அறிக்கை கேட்கும், அடுப்பு விதிப்படி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று சொல்கிற அறிக்கை அது. 'வெட்' பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் போய் அளந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் என் வேலை.

போன இடத்தில் நான் முதலில் எடுப்பது அளவுநாடா. புகைபோக்கி என்றால் எல்லோருக்கும் பயம் இருக்கிறது, வருடா வருடம் ஆள் பிடித்துத் துப்புரவாக்குகிறார்கள். அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பற்றித்தான் யாருமே யோசிப்பதில்லை.

ஒரு கொட்டேஜில் அடுப்பின் முதுகுக்கும் சுவருக்கும் இடையில் எட்டு அங்குலம்தான் இருந்தது. சுவரில் அழகான செங்கல் வேலை. வீட்டை விற்பவர், "இருபது வருஷமா இப்பிடித்தான் எரியுது, ஒண்டும் நடக்கேல்லை" என்று சொல்லியிருந்தார். வாங்க வந்த தம்பியும் என்னிடம், "செங்கல் எரியாதுதானே அண்ணை?" என்றார். அனுமதி கேட்டு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, செங்கல் முடிகிற ஓரத்தில் இருந்த பிளக் மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துக் காட்டினேன். ட்றைவோலின் (செங்கல்லுக்குப் பின்னால் இருக்கிற ஜிப்சம் சுவர்ப்பலகையின்) காகித ஓரம் தேநீர்க் கறை நிறத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் நின்ற மரச்சட்டத்தில் அடுப்புப் பக்கத்து முகம் மட்டும் கறுத்திருந்தது. விரலால் தடவினால் கரி ஒட்டியது. நெருப்பு ஒருநாளும் படாத மரம் அது.

செங்கல் எரியாது, உண்மை. ஆனால் அது சூட்டைத் தடுக்காது. வாங்கி வைத்துப் பின்னால் இருப்பதற்கு மெல்லக் கடத்தும். டைல்ஸும் கல்லும் அப்படித்தான். பின்னால் மரச்சட்டம் இருந்தால், முன்னால் எதை ஒட்டினாலும் அது எரியக்கூடிய சுவர் என்றே விதி கணக்கெடுக்கிறது. வெறும் ட்றைவோலும் அதே கணக்குத்தான்.

புது மரம் தீப்பிடிக்க ஏறக்குறைய 250 பாகை செல்சியஸ் வேண்டும். ஆனால் குளிர்காலம் முழுக்கச் சூடாகி, கோடையில் ஆறி, மறுபடியும் சூடாகி, இப்படி ஆண்டுக்கணக்கில் வெந்த மரத்தின் இயல்பே மாறிவிடும். உள்ளே இருக்கிற பொருட்கள் சிதைந்து ஆவியாகி, அது கரிக்குக் கிட்டவான ஒன்றாகிவிடும். அப்படியான மரம் பற்றிக்கொள்ள முன்பு தேவைப்பட்ட சூடு தேவையில்லை. ஆகவே இருபது வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்பதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த மரம் இருபது வருடம் வெந்திருக்கிறது என்றுதான் எனக்குக் கேட்கிறது. கடுங்குளிர் இரவொன்றில் வழக்கத்தைவிட இரண்டு கட்டை கூடப் போட்டால், சுவருக்குள்ளே, யார் கண்ணிலும் படாமல் தீ தொடங்கிவிடலாம்.

சரி, எவ்வளவு தள்ளி வைப்பது? அடுப்பின் பின்புறத்திலோ பக்கத்திலோ ஒரு உலோகத் தகடு இருக்கும். ஆய்வுகூடத்தில் சோதித்த அடுப்பென்றால், பின்சுவருக்கு இவ்வளவு, பக்கச் சுவருக்கு இவ்வளவு, மூலைக்கு இவ்வளவு என்று அதிலேயே எழுதியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் அளவு உங்கள் அடுப்புக்குப் பொருந்தாது. தகடே இல்லாத பழைய இரும்பு அடுப்பென்றால், விறகு அடுப்பு பொருத்துவதற்கான கனடாவின் பி365 விதி சொல்வது 1200 மில்லிமீற்றர், அதாவது கிட்டத்தட்ட நான்கு அடி. சின்ன அறையில் நான்கு அடி விட்டால் அடுப்பு நடுவீட்டில் நிற்கும் என்பது எனக்கும் தெரியும்.

அதற்குத்தான் வெப்பத் தடுப்புத் தகடு. 29 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த உலோகத் தகட்டை, எரியாத முட்டுகள் கொடுத்து, சுவரிலிருந்து குறைந்தது 21 மில்லிமீற்றர் தள்ளிப் பொருத்தினால், சுவருக்கான தூரத்தை 67 சதவீதம் குறைக்கலாம். 1200 என்பது 400 ஆகிவிடும். ஒரு மெல்லிய தகரம் செய்வதை அத்தனை செங்கல்லால் செய்ய முடியாததற்குக் காரணம் அந்த இடைவெளி. தகடு சூடாகும்போது பின்னாலுள்ள காற்றும் சூடாகி மேலே எழும்பும், கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். சூடு சுவருக்குப் போகாமல் காற்றோடு போய்விடும். அதனால் கீழேயும் மேலேயும் திறந்திருக்க வேண்டும்: தரையிலிருந்து 25 முதல் 75 மில்லிமீற்றர், கூரையிலிருந்து குறைந்தது 75. பார்க்க வடிவில்லை என்று கீழ் இடைவெளியைச் சட்டம் அடித்து மூடிய வீடுகளைப் பார்த்து மனம் பதறியிருக்கிறேன். மூடினால் அது மறுபடியும் வெறும் சுவர்தான். இன்னொன்று, சுவருக்குள் போகும் திருகாணியை அடுப்பின் நேர் பின்னால் அடிக்காதீர்கள், இரும்பு சூட்டை நேரே மரத்துக்குள் கொண்டுபோகும். நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 200 மில்லிமீற்றர் தள்ளியே வர வேண்டும்.

செங்கல்தான் வேண்டும் என்றால் கட்டலாம், அதே இடைவெளியோடு. செங்கல்லுக்குப் பின்னால் உலோகத் தகடு இல்லையென்றால் குறைப்பு 50 சதவீதம் மட்டும்.

அடுப்பிலிருந்து மேலே போகும் கறுத்த ஒற்றைத் தகட்டுக் குழாயை மறந்துவிடாதீர்கள். அதற்கும் எரியக்கூடிய எதற்கும் இடையில் 450 மில்லிமீற்றர் வேண்டும். தரையில் எரியாத பலகை, விறகு போடும் கதவுப் பக்கம் 450, மற்றப் பக்கங்களில் 200 மில்லிமீற்றர் நீட்டி நிற்க வேண்டும், தணல் தெறிப்பது கதவடியில்தான்.

சுவரெல்லாம் சரியாக அமைந்த வீடுகளில் பிறகு நான் காண்பது வேறு. பனியில் நனைந்த பூட்ஸ், கையுறை, பிள்ளைகளின் ஸ்னோ பான்ட், அடுப்போடு சாய்த்துக் காயப்போட்டிருக்கும். பக்கத்தில் அடுக்கிய விறகு. அங்கே வசதியாக இழுத்துப் போட்ட சோபா. தகட்டில் எழுதிய தூரம் சுவருக்கு மட்டுமல்ல, இவை எல்லாவற்றுக்கும்தான். அடுப்பைச் சுற்றி அந்த அளவில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள், பிள்ளைகளுக்கும் விருந்தினருக்கும் சொல்லாமலே விளங்கும்.

கொட்டேஜ் வாங்கும் எண்ணம் இருந்தால், கையெழுத்துப் போடுமுன் ஆய்வுக்குக் கூப்பிடுங்கள். வாங்கிய பிறகு என்றால் சுவரை உடைக்கும் செலவு உங்களுடையது. புதிதாக அடுப்பு வைப்பதற்கு ஒன்ராறியோவில் நகரசபையின் கட்டட அனுமதி வேண்டும். ஏற்கெனவே எரித்துக்கொண்டிருப்பவர்கள், அடுப்பு நன்றாக எரியும் நேரம் பின்சுவரில் உள்ளங்கையை வையுங்கள். வைத்திருக்க முடியவில்லையென்றால் அன்றிரவு எரிக்க வேண்டாம். கை தாங்கினாலும், ஒட்டிய செங்கல்லுக்குப் பின்னால் என்ன சூடு என்று அது சொல்லாது, ஆகவே நாடாவால் அளந்து தகட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.